ஏற்றத்தில் இழுவை குறையும் பழைய டீசல் ஜீப்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி இதுதான். இருபது வயதைத் தாண்டிய டீசல் ஜீப். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் விசிறி) உண்டு, பழைய மெக்கானிக்கல் ரோட்டரி டீசல் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடியபின் சுமையோடு நீண்ட ஏற்றத்தில் ஏறினால் மட்டும் இழுவை மெல்ல மெல்லக் குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் பயனில்லை, கியரை இறக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. புகை பெரிதாக இல்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பழையபடி இழுக்கிறது. டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் புதிது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், இன்ஜினைப் பிரித்து ரிங், போர் வேலை (பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும்) செய்யவேண்டும், பம்பையும் நாசிலையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) கூடவே பார்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

இப்போது வேண்டாம். கேள்வியில் நீங்களே சொல்லியிருக்கும் விவரங்கள் இன்ஜினைக் கை காட்டவில்லை. டீசல் தொட்டியிலிருந்து பம்ப் வரை வரும் பாதையைத்தான் காட்டுகின்றன. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன். காரணம் புரிந்தால் வேறு வண்டிக்கும் இதே முறையில் நீங்களே தேட முடியும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங் தேய்ந்து, வால்வு கசிந்து கம்ப்ரஷன் (காற்றின் அந்த அழுத்தம்) போன இன்ஜின் அதை முதலில் காட்டும் இடம் காலை நேரக் குளிர் ஸ்டார்ட். நிறைய நேரம் சுற்ற வேண்டியிருக்கும், பற்றியபின் வெள்ளைப் புகை கக்கும், கொஞ்ச நேரம் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும். உங்கள் வண்டி திருப்பியதும் பற்றிக்கொள்கிறது. அதோடு, தேய்ந்துபோன ரிங் பத்து நிமிட ஓய்வில் சரியாகிவிடாது. ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும் இழுவைக்கு, ஓய்வில் மாறக்கூடிய ஒரு காரணம் இருக்கவேண்டும். அப்படி மாறக்கூடியவை மிகச் சிலதான்: தொட்டிக்குள் உறிஞ்சு குழாயில் ஒட்டியிருந்த குப்பை கீழே விழுவது, தொட்டிக்குள் உருவான வெற்றிடம் மெல்ல நிரம்புவது, சூடேறிய பாகம் ஆறுவது.

அடுத்து புகை. முழு மிதியில் சுமையோடு ஏறும் பழைய டீசல் வண்டி லேசான கரும்புகை காட்டுவது இயல்பு. இழுவை குறையும் நேரத்தில் புகையும் சேர்ந்து குறைந்தால், சிலிண்டருக்குள் போதிய டீசல் போகவில்லை என்று பொருள். கரும்புகை அடர்த்தியாகக் கொட்டினால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, இல்லையென்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் இது சரியாகத் தெரியாது. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்லி, இழுவை விழும் அந்த நேரத்துப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்தால் பாதித் தேடல் மிச்சம்.

தொட்டிப் பக்கம் போகும் முன், இன்ஜினுக்கே சம்பந்தமில்லாத சில விஷயங்களை ஒதுக்கிவிட வேண்டும். ஒருவரை உட்காரவைத்து, இன்ஜின் ஓடாத நிலையில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். பம்பின் லீவர் கடைசி ஸ்டாப் போல்ட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். பழைய கேபிள் நீண்டு போயிருக்கும், மிதிக்குக் கீழே மிதியடி மடிந்து கிடக்கும். முக்கால் மிதியைத்தான் முழு மிதி என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்போம். இன்ஜினை அணைக்க இழுக்கும் கேபிள் இருக்கும் வண்டி என்றால் அதன் லீவரும் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் டீசல் அளவு எப்போதுமே குறையும்.

கிளட்ச் நழுவினால் இன்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரேயடியாக மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்களுக்கு இன்ஜினே அடங்கிப்போவதால் அது இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதை, கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே ஜாம் ஆகிறது. பிரேக் சூடாகி இறுகுவதும் அரை மணிக்குப் பின் தொடங்கி, நிறுத்தினால் விலகும் கோளாறுதான். அதனால் உங்கள் விஷயத்தில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். டர்போ இல்லாத இன்ஜின், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் சக்தியை இழக்கும். மலையில் மட்டும் வரும் குறைவு கோளாறாகவே இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் ஓய்வு கொடுத்ததும் அதே உயரத்தில் இழுவை திரும்பி வருகிறதே, அதனால் உங்கள் வண்டிக்கு இந்தச் சமாதானம் செல்லாது.

சரி, இப்போது டீசல் பாதை. சமதரையில் சிறிய மிதியில் இன்ஜினுக்கு வேண்டிய டீசல் குறைவு. பாதி அடைத்த குழாயும் அதைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் முழு மிதியில் தேவை பல மடங்கு கூடும்போதுதான் அடைப்பு வெளியே தெரிகிறது. தேடுவதைத் தொட்டி மூடியிலிருந்து தொடங்குங்கள். தொட்டியில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்கு மூடியிலோ, நிரப்பும் கழுத்துக்குப் பக்கத்தில் மெல்லிய ஹோஸிலோ ஒரு வழி வைத்திருப்பார்கள். சேறும் தூசியும் அதை அடைத்துவிடும். குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. அப்புறம் தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். இழுவை விழுந்தவுடன் நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், அதோடு அதே ஏற்றத்தில் உடனே வண்டி இழுத்தால், கோளாறு பிடிபட்டுவிட்டது. சத்தம் கேட்கவில்லை என்றாலும் மூடியைத் தளர்த்தி வைத்து ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

மூடி சரியாக இருந்தால் என் அடுத்த சந்தேகம் தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய். அதன் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். பழைய தொட்டியில் துரு உரிந்து செதில் செதிலாகக் கிடக்கும். அடியில் தண்ணீர் தங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, வழவழப்பாக ஒரு பாசி உண்டாகும். முன்பு யாரோ பூசிய சீலண்ட் துண்டு, கேனிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் துணுக்கு என்று எதுவும் உள்ளே இருக்கலாம். முழு மிதியில் உறிஞ்சும் வேகம் கூடும்போது இவை எல்லாம் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்தால் உறிஞ்சல் நின்று குப்பை கீழே விழும், வண்டி மறுபடி இழுக்கும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

இதை உறுதி செய்யலாம். டீசல் ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கைப்பம்பால் தொட்டியை நோக்கி மெதுவாக ஊதுங்கள். கம்ப்ரஸர் வேண்டாம், அந்த அழுத்தம் பழைய குழாயைக் கிழித்துவிடும். ஊதியபின் சில நாள் நன்றாக ஓடி, பிறகு அதே கோளாறு திரும்பினால் குப்பை தொட்டிக்குள்தான் இருக்கிறது. அப்போது தொட்டியை இறக்கிக் கழுவி, முழுக்கக் காயவைத்து, சல்லடையை மாற்றவேண்டும். ஓட்டையைப் பற்றவைக்கலாம் என்று காலித் தொட்டியில் வெல்டிங் தீயைக் காட்ட விடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். உயிர் போகிற விஷயம். உள்பக்கம் துரு அதிகம் என்றால் வேறு தொட்டி பார்ப்பதே நல்லது.

அடுத்து ஹோஸ்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்பூச்சு உரிந்து, உறிஞ்சும்போது கதவு மாதிரி மூடிக்கொள்ளும். தொட்டிக்கு மேலேயும், பாடிக்கும் சேஸிக்கும் நடுவிலும் இருக்கும் துண்டுகளை யாரும் மாற்றுவதில்லை. இத்தனை வயதான வண்டியில் அவற்றைச் சோதித்துக்கொண்டு இருப்பதைவிட, டீசலுக்கு ஏற்ற புது ஹோஸும் கிளிப்பும் போட்டுவிடுவது மேல்.

காற்று உறிஞ்சுவது இதற்குத் தம்பி. தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் உள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஈரம் கூடத் தெரியாது என்பதால் பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற ஹோஸ் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஃபில்டர் மாற்றியதும் கொஞ்சம் குமிழி வருவது சகஜம். ஓயாமல் பொடிக் குமிழி வந்துகொண்டிருந்தால் எங்கோ காற்று எடுக்கிறது. ஃபில்டரின் ரப்பர் வளையம், கையால் அடிக்கும் பிரைமர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகு, ஒவ்வொரு கிளிப்பும் சந்தேகத்துக்கு உரியவை. புது ஃபில்டர் போடும்போது பழைய வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்து, இரண்டு வளையமாகச் சேர்ந்து கசிவதும் நடக்கும். காற்று எடுக்கும் வண்டியில் இரவில் டீசல் தொட்டிக்குத் திரும்பி இறங்கிவிடும், காலையில் நெடுநேரம் சுற்றவேண்டியிருக்கும். உங்களுக்கு அது இல்லாததால் இதன் வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்ப்பது சுலபம் என்பதால் பாருங்கள்.

'ஃபில்டர் மாற்றியாயிற்று' என்ற இடத்தில் ஒரு கேள்வி. எல்லா ஃபில்டரையுமா? பல வண்டிகளில் தொட்டியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்குள் நுழையும் இடத்திலோ, துளை போட்ட போல்ட்டுக்குள்ளோ, டீசல் பம்பின் வாயிலோ விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். சர்வீஸ் அட்டையில் அதன் பெயரே வராது. அதைக் கழற்றிப் பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சுத்தமான டீசல் நிரப்பிய 5 லிட்டர் கேனை இன்ஜினைவிட உயரமான இடத்தில், சூடான பாகங்களுக்கு எட்டாமல், அசையாதபடி இறுக்கிக் கட்டுங்கள். அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை டீசல் ஃபில்டரின் உள்வாயில் மாட்டுங்கள். பம்பிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும், நீங்களும் ஏமாந்து போவீர்கள். இப்போது அதே சுமையோடு, அரை மணி ஓட்டிச் சூடாக்கி, அதே ஏற்றத்தில் ஏறுங்கள். வண்டி இழுத்தால் கோளாறு தொட்டிக்கும் ஃபில்டருக்கும் நடுவில். பம்ப், நாசில், இன்ஜின் எதையும் தொடத் தேவையில்லை. இழுக்கவில்லை என்றால் தொட்டியை மறந்துவிட்டு முன்பக்கம் வரலாம். பெட்ரோல் வண்டியில் இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. டீசல் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது, பெட்ரோல் ஆவி ஒரு பொறியில் பற்றும்.

கேன் சோதனையிலும் இழுவை விழுந்தால் பார்க்கவேண்டியவை மூன்று. டர்போ வண்டிகளின் பம்ப் தலையில் பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ ஊதும் காற்றின் அழுத்தத்தை, உணர்ந்து டீசலைக் கூட்டும் ஒரு டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று அதற்கு வரும். ஹோஸ் வெடித்திருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ, டர்போ ஒழுங்காக ஊதினாலும் பம்ப் டீசலைக் கூட்டாது. புகையில்லாமல் இழுவை குறையும் இன்னொரு வழி இது. ஹோஸைக் கழற்றி வாயால் ஊதினாலே கிழிசல் தெரியும், அழுத்தம் நிற்காது. ஆனால் இந்தக் கோளாறு ஓய்வில் சரியாகாது, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாவது, தேய்ந்த ரோட்டரி பம்ப். பம்புக்குள் இருக்கும் பாகங்களை டீசலே உயவூட்டுகிறது. டீசல் சூடானால் நீர்த்துப்போகும். தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளேயே கசிந்து, நாசிலுக்குப் போகும் அளவு குறையும். இந்த வகைக்கு ஓர் அடையாளம் உண்டு: சூடான இன்ஜினை அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் பற்றாது, ஆறியபின் பற்றும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டு ஆறவைத்ததும் பற்றினால் சந்தேகம் வலுக்கும். உங்கள் வண்டி சூட்டில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவசியம் பாருங்கள். சூட்டிலும் உடனே பற்றினால் பம்ப் மேல் பழி போட எனக்கு மனம் வராது.

மூன்றாவது காற்றுப் பக்கம், முக்கியமாகக் கரும்புகை இருந்தால். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸ் மெலிந்துபோய் உறிஞ்சும்போது சப்பிக்கொள்கிறதா, டர்போவிலிருந்து இன்டர்கூலர் (டர்போ ஊதும் காற்றை ஆறவைக்கும் பாகம்) போய் வரும் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்று கசியும் மூட்டில் ஆயில் படிந்து தூசி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்றுக் கொடுத்தால் நுரை காட்டிக்கொடுக்கும். டர்போ ஷாஃப்டில் பக்கவாட்டில் நூலிழை ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது. இந்த வயது வண்டியில் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டிவைப்பது மிக நல்ல செலவு. ஏற்றத்தில் இழுவை விழும்போது பூஸ்ட் முதலில் விழுகிறதா, டீசல் முதலில் குறைகிறதா என்ற வாதத்துக்கே இடமிருக்காது. இ.ஜி.ஆர். வால்வு உள்ள வண்டியில் அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் எரிந்த புகையே மறுபடி உள்ளே போகும், கரும்புகையும் மந்தமும் சேர்ந்து வரும். சைலன்சருக்குள் தகடு உடைந்து வழியை மறைப்பதும் இதே கணக்குதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். தூசிச் சாலையில் ஒரே ஓட்டம் டர்போ இறக்கைக்கும் ரிங்குக்கும் கேடு. புது ஃபில்டர் போட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இன்ஜின் உள்வேலை கடைசி. அங்கே போனாலும் பிரிப்பதற்கு முன் அளக்க வேண்டும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) முதலில். இறுகிப்போன எக்சாஸ்ட் வால்வு, சூட்டில் முழுக்க மூடாமல் கம்ப்ரஷனை விடும், அதைச் சரிசெய்ய ஒரு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். அப்புறம் டீசலுக்கென்று உள்ள கேஜில் கம்ப்ரஷன். நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின்கள் பொதுவாக 25 முதல் 35 பார் வரை காட்டும்; உங்கள் இன்ஜினுக்கான குறைந்தபட்ச அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் கொஞ்சம் குறைந்திருப்பதைவிட, ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருப்பதுதான் கவலைக்குரியது. இந்த எண்களைக் காட்டாமல் 'ரிங் போச்சு' என்று சொல்கிறவரிடம், அளந்து காட்டுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது.

எந்த வேலையின் நடுவிலும், இன்ஜின் ஓடும்போது நாசில் குழாய்ப் பக்கம் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளிக் காயம். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம், தாமதித்தால் விரலே போகலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், ஈரம் படும்.

உங்கள் வண்டியில் நான் செய்தால் முதல் நாள் மூடி, கேபிள், சக்கரச் சூடு, பின்னால் ஒருவர் பார்க்கும் புகை; மறுநாள் கேன் சோதனை. பெரும்பாலும் தொட்டியோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். முடியாமல் பம்பைக் கழற்றும் நிலை வந்தால், டெஸ்ட் பெஞ்சில் ஏற்றியதும் எதையும் திருகுவதற்கு முன் இப்போது அது கொடுக்கும் டீசல் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். பம்ப் சூடேறியபின் இன்னொரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் புத்தக அளவோடு ஒத்துப்போனால் பம்பை அப்படியே திரும்ப மாட்டிவிட்டு பூஸ்ட் பக்கம் போங்கள்.